கயிறு மாற்றும் இடம்

ரோஷன் பேகத்துக்கு நாய் என்றால் பயம். ஆடு என்றாலும் ஆரம்பத்தில் பயம்தான். திருச்சி பாலக்கரையில் மளிகைக் கடைக்கு மேலே மாடி வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமாகி மண்ணச்சநல்லூருக்கு வந்த புதிதில், ஓர் ஆட்டுக்குட்டி முந்தானையை மென்றதற்கு அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்களாம். இந்தக் கதையை அவள் கணவர் முஜிபுர் ரஹ்மான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாராம். இப்போது அவரால் சொல்ல முடியாது. பக்கவாதம் வலது கை காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. அதனால் அவளே சொல்கிறாள்.

அவரைக் கவனித்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கிறேன். காலையில் திருவானைக்கோவிலில் பஸ் ஏறி, டோல்கேட் தாண்டி, அரிசி ஆலை வாசலில் இறங்குவேன். வெயில் இறங்கியதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அவரைக் குளிப்பாட்டுவது, நடக்கப் பழக்குவது, நல்ல கைக்கு வேலை கொடுப்பது, இவை என் பொறுப்பு. நல்ல கைக்கு வேலையாகக் கயிறு கொடுத்தேன். ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, இடது கையால் பழைய பருத்திக் கயிறுகளைப் பிரித்து மறுபடி முறுக்குவார். அந்த வீட்டில் கயிற்றுக்கு ஒரு மரியாதை உண்டு. அவருடைய அத்தா, அதாவது அப்பா காலத்திலிருந்து அங்கே ஆட்டை விற்பார்கள், கயிற்றை விற்க மாட்டார்கள். வாங்க வந்தவர் தன் கயிற்றோடு பட்டிக்குள் வர வேண்டும். உள்ளேயே பழைய கயிற்றைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, புதுக் கயிற்றைப் போட்டுத்தான் ஆடு வாசலைத் தாண்டும். விற்ற ஆட்டோடு கயிறு வெளியே போனால் பட்டியின் பரக்கத், அதாவது வளமும் அருளும், போய்விடும் என்பது நம்பிக்கை. மாடு விற்கிற இந்துக் குடும்பங்களிலும் இதே வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் பக்ரீத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் தெருநாய்க் கூட்டம் ஒன்று பட்டிக்குள் புகுந்தது. பெருவளை வாய்க்கால் கரையில் கறிக்கடைக் கழிவைக் கொட்டுகிறார்கள். அதைத் தின்று கொழுத்த கூட்டம். பட்டப்பகலில், ரோஷன் கணவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரத்தில், விற்பதற்கு வளர்த்த நல்ல கிடாக்களைக் கிழித்துப் போட்டுவிட்டன. தின்னக்கூட இல்லை.

முஜிபுர் ரஹ்மானின் தம்பி கலீல் திருச்சியிலிருந்து வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வுதான் அவரிடம்.

"அண்ணி, போதும். எல்லாத்தையும் வித்துட்டு நம்ம வீட்டுக்கு வந்துருங்க. மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு."

"அண்ணனை மாடிக்கு எப்படி ஏத்துவீங்க?"

"தூக்கிட்டுத்தான்."

"எறக்குறது?"

மாடிக்குப் போகிற நோயாளி திரும்பி இறங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். ரோஷனுக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் ஒரு வருஷம் தவணை வாங்கினாள். அடுத்த பக்ரீத்துக்கு ஆடுகளை முழுசாக வளர்த்து முழுசாக விற்றுக் காட்டுவது, முடியாவிட்டால் பட்டியை மூடிவிட்டு மாடி அறை. பேச்சு அப்படி முடிந்தது.

வேலியை உயர்த்தினாள். கூட்டம் தோண்டிக்கொண்டு வந்தது. பட்டாசு வெடித்துப் பார்த்தாள். ஆடுகள்தான் மிரண்டன. அப்போதுதான் என் தெருவில் குடியிருக்கும் ரஞ்சனியிடம் பேசினேன். கொள்ளிடக் கரையில் கொட்டகை போட்டு, அடிபட்ட நாய்களையும் விரட்டிவிடப்பட்ட நாய்களையும் வைத்துப் பராமரிக்கிறவள்.

"ஆட்டுக்குக் காவலா? எங்கிட்ட ரெண்டு இருக்கு, ஆன்ட்டி. ஆனா குட்டி இல்ல, வளர்ந்தது. கொஞ்சம் வம்பு புடிச்ச கேஸ்."

கிடை நாய்கள். அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகச் செம்மறி ஆடுகளை இரவெல்லாம் அடைத்து வைப்பதற்கு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருவார்களே, அவர்களோடு வந்தவை. ஆடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது நாய்கள் பின்னால் ஓடியிருக்கின்றன. சமயபுரம் ரோட்டில் பெட்டையை ஏதோ வண்டி தட்டிவிட்டது. கடுவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாம். ரஞ்சனியிடம் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர், பெட்டைக்குப் பொங்கல், கடுவனுக்கு வடை. நிறத்தைப் பார்த்து வைத்தது.

பொங்கலை இரண்டு இடத்துக்குக் கொடுத்து இரண்டு இடத்திலிருந்தும் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஜீயபுரத்துப் பண்ணை வீட்டுக்காரர், "பகலெல்லாம் தூங்குது" என்றாராம். இன்னொருவர், "கொஞ்சினா எந்திரிச்சுப் போயிடுது" என்றாராம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

ரஞ்சனி ரோஷனிடம் ஒளிக்காமல் சொன்னாள். "ரெண்டையும் சேர்த்துத்தான் குடுப்பேன். இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா அதுக்கப்புறம் யாருக்கும் குடுக்க மாட்டேங்க. கூண்டுலயே வயசாயிடும்."

ரோஷன் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தூரத்திலிருந்தே நாய்களைப் பார்த்தாள். "கடிக்குமா?"

"பல்லு இருக்கே, கடிக்காதுன்னு எப்படிங்க சொல்றது?"

இந்தப் பதில்தான் ரோஷனுக்குப் பிடித்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள்விட்டுக் கேட்டாள். ஆட்டுக்குக் காவல் என்றால் தடையில்லை, வீட்டுக்குள் விட வேண்டாம், அது வாய் வைக்கிற பாத்திரம் தனியாக இருக்கட்டும் என்று பதில் வந்தது. கலீலுக்கு மட்டும், வானவர்கள் வரமாட்டார்களே என்று, சமாதானமாகவில்லை.

"நாய் இருக்கிற எடத்துக்கு மலக்குமார் வரமாட்டாங்க அண்ணி."

"தெருநாய் வருதே தம்பி. அதை மலக்குமாரா வந்து வெரட்டுறாங்க?" என்றாள். பிறகு அப்படிப் பேசியதற்காக, "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன் நாய்கள் வந்தன. வயதானவரைப் புது இடத்துக்கு மாற்றும்போது நாங்கள் கடைப்பிடிக்கிற முறையையே சொன்னேன். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே பாத்திரம். தொடாதே, கொஞ்சாதே, முறைத்துப் பார்க்காதே. பட்டிக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் நாய்களைச் சங்கிலியில் கட்டினோம். ஆடுகள் இந்தப் பக்கம். முதலில் வாசனை பழக வேண்டும். ரோஷன் நோன்பு வாயோடு ஆலைக் குருணையில் கஞ்சி காய்ச்சி, கோழிக்கடைக் கழிவை வேகவைத்துக் கலந்து, நீளக் கழியால் தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவாள்.

"நன்றி காட்டுதான்னு ஒரு தடவையாவது திரும்பிப் பாருங்களேன்," என்று சீண்டினேன்.

"நன்றியெல்லாம் வேணாம் சிஸ்டர். என்னைத் தின்னாம இருந்தா போதும்."

முதலில் ஆடுகள் வேலிக்குப் பக்கத்திலேயே வரவில்லை. ஒரு கிடா துணிந்து வந்து முட்டுவதுபோல் தலையை ஆட்டியது. வடை எழுந்து குரைத்தது. பொங்கல் அதன் கழுத்தை ஒரு முறை கவ்வி விட்டது. வடை படுத்துவிட்டது. பொங்கல் ஆட்டைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது. ஒரு கிழ நர்ஸ் புதிதாக வந்த பெண்ணை அடக்குவதுபோல் இருந்தது. அப்போதே எனக்கு அந்தப் பெட்டையின் மேல் நம்பிக்கை வந்தது.

பிறகு சங்கிலியோடு உள்ளே, பிறகு சங்கிலி இல்லாமல் எங்கள் கண் முன்னால். ஒவ்வொரு படியிலும் ரோஷன் கையில் உலக்கையோடு நின்றாள். உலக்கைக்கு வேலை வரவில்லை. நோன்புப் பெருநாளுக்குள் நாய்கள் தங்கள் இடத்தைத் தாங்களே பிடித்துவிட்டன. பட்டிக்குள் படுக்கவில்லை. கிடையில் பழகியபடி, பொங்கல் வாசலிலும் வடை வாய்க்கால் பக்க மூலையிலும் வெளியே படுத்தன. பகலில் தூக்கம், இருட்டினால் சுற்று. வாய்க்கால் கரையில் கூட்டத்தின் குரைப்பு தூரத்தில் கேட்கும். கிட்டே வரவில்லை.

கத்தரி வெயிலில் கிடாக்கள் தளதளவென்று நின்றன. கலீல்கூட வந்து பார்த்து, ஒரு கிடாவின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். பக்ரீத் நெருங்கியது. நாங்கள் ஒன்றை யோசிக்கவே இல்லை. ஆட்டைக் காப்பாற்ற நாயை வைத்தோம். ஆட்டை விற்கப்போகிறோம் என்பதை நாய்க்கு யார் சொல்வது?

வழக்கமாக ஆடு வாங்குகிறவர் அப்துல் மாலிக். காந்தி மார்க்கெட் பக்கம் கறிக்கடை. ரோஷனின் மாமனார் காலத்திலிருந்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறவர். லோடு ஆட்டோவைப் பட்டி வாசலுக்கு நேராகப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிட்டு, தோளில் நீல நைலான் கயிறுகளோடு இறங்கினார். கலீலும் வந்திருந்தார். நான் முஜிபுர் ரஹ்மானைச் சக்கர நாற்காலியில் வேப்பமர நிழலுக்குத் தள்ளிவந்திருந்தேன். விற்பனையை அவர் பார்க்க வேண்டும் என்று ரோஷன் சொல்லியிருந்தாள்.

பொங்கல் மாலிக்கை முகர்ந்தது. விலகி வழிவிட்டது.

"என்ன தங்கச்சி, காவல் நாய்னாங்க? சலாம் சொல்லி உள்ளே விடுது!" மாலிக் சிரித்தார்.

உள்ளே போய்ப் பெரிய கருப்புக் கிடாவைத் தேர்ந்தெடுத்தார். ரோஷன் தன் கயிற்றைக் கழற்றிச் சுவரில் மாட்டினாள். மாலிக் நீலக் கயிற்றைப் போட்டு இழுத்தார். கிடா கத்தியது. வாசலில் பொங்கல் குறுக்கே நின்றது.

குரைக்கவில்லை. உறுமவில்லை. முடிகூடச் சிலிர்க்கவில்லை. மாலிக் முழங்காலால் அதைத் தள்ளிவிட்டு ஓரடி வைத்தார். அடுத்த கணம் அவருடைய மணிக்கட்டு அதன் வாயில் இருந்தது.

"யா அல்லாஹ்!"

ரோஷன் பொங்கலைப் பெயர் சொல்லி அழைத்தாள். காதுகூட அசையவில்லை. வடை மூலையிலிருந்து வந்து மாலிக்கின் பின்னால் நின்றுகொண்டது. கலீல் கடப்பாரையை எடுத்துவிட்டார்.

"கலீல், கீழே போடுங்க," என்றேன். "யாரும் அசையாதீங்க. பாய், கையை இழுக்காதீங்க. இழுத்தாத்தான் கிழியும். கயிறை விடுங்க."

"விட்டா ஆடு ஓடிரும்மா!"

"ஓடட்டும். விடுங்க."

விட்டார். கிடா உள்ளே ஓடியது. பொங்கல் வாயைத் திறந்து மணிக்கட்டை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வாசலில் உட்கார்ந்தது. தோல் கிழியவில்லை. நான்கு பல் பதிந்த இடம் மட்டும் சிவந்திருந்தது. ஓரிடத்தில் லேசான சிராய்ப்பு. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்றாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவவைத்து, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"ஊசி நான் போட்டுக்கறேன். நாயை நீ அனுப்பிட்டுப் போன் பண்ணு, தங்கச்சி," என்று சொல்லிவிட்டு மாலிக் வெறும் வண்டியோடு போனார்.

போனில் ரஞ்சனி உடனே காரணம் சொன்னாள். "லாரி ஞாபகம் வந்திருக்கும், பாவம். அன்னிக்கு அதோட ஆட்டையெல்லாம் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்கள்ல? வண்டியை மறைச்சு வைங்க." கேட்கும்போது நெஞ்சைத் தொடுகிற காரணம். எல்லோரும் நம்பினோம். ரோஷன் கெஞ்சிக் கேட்டதன் பேரில் மாலிக் இன்னொரு முறை வந்தார். வண்டியை வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். நீலக் கயிறு கிடாவின் கழுத்தில் விழுந்தது. பொங்கல் எழுந்து வாசலுக்குக் குறுக்கே வந்தது. மாலிக் இந்த முறை உடனே கயிற்றைக் கீழே விட்டுவிட்டார்.

"என் கை எனக்கு வேணும்மா. நான் வேற பட்டியைப் பார்த்துக்கறேன்."

கலீல் அவரோடு வாசல் வரை சென்று சமாதானப்படுத்தினார். நாய்களை மறுநாள் காலையில் அனுப்பிவிடுவது, மாலிக் அதற்குப் பிறகு வருவது என்று அங்கேயே பேசி முடித்தார். ரஞ்சனிக்கும் அவரே போன் செய்தார். இரண்டு நாய்களையும் வீட்டுப் பக்கத்துத் தென்னையில் கட்டச் சொன்னார். ரோஷன் சங்கிலிகளை எடுத்துக் கொடுக்க, நான் கட்டினேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நாய் போனா கூட்டம் வரும். நாய் இருந்தா மாலிக் பாய் வரமாட்டாரு. எப்படிப் பார்த்தாலும் மாடிதான் சிஸ்டர்," என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை அஸர் தொழுகை முடித்து அவள் தழை அறுக்கப் போயிருந்தாள். வெயில் இன்னும் இருந்தது. நான் முஜிபுர் ரஹ்மானுக்குக் கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். தென்னையடியில் பொங்கலும் வடையும் ஒரே நேரத்தில் எழுந்து வாய்க்கால் பக்கம் பார்த்தன. சங்கிலி விறைத்தது. பிறகுதான் எனக்குக் கேட்டது.

காவல் மூலை காலி என்பதைக் கூட்டம் எப்படித்தான் தெரிந்துகொண்டதோ, கீற்று வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இறங்கியது. ஆடுகள் மொத்தமாக ஒரு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நான் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு அவருக்கு முன்னால் நின்று ரோஷனைக் கூப்பிட்டேன். அவர் இடது கையால் என் புடவையைப் பிடித்து இழுத்து, தென்னையைக் காட்டி, "ங்... ங்..." என்றார். எனக்கும் புரிந்தது. ஆனால் நான் நகர்ந்தால் நாற்காலியிலிருந்து விழுந்துவிடுகிற அளவுக்கு அவர் துடித்துக்கொண்டிருந்தார்.

ரோஷன் தழைக்கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நேராகத் தென்னைக்கு. நாய்கள் முன்கால் அந்தரத்தில் நிற்க இழுத்துக்கொண்டிருந்தன. விறைத்த சங்கிலியில் கொக்கி கழலாது. நாயைப் பின்னால் தள்ளிச் சங்கிலியைத் தளர்த்தினால்தான் கழலும். அதற்கு நாயைக் கட்டிப்பிடிக்க வேண்டும். அவள் இதுவரை அந்த நாய்களைத் தொட்டதே இல்லை.

ஒரு கணம் நின்றாள். பிறகு "பிஸ்மில்லாஹ்" என்று பொங்கலின் கழுத்தை இரண்டு கையாலும் சுற்றி வளைத்து, நெஞ்சோடு அணைத்துப் பின்னால் தள்ளி, கொக்கியைத் தேடினாள். அதன் வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. கழற்றிவிட்டாள். பிறகு வடை.

சண்டை நீளமாக நடக்கவில்லை. பொங்கல் துரத்தவில்லை. ஆடுகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டது. கூட்டத்துக்குத் தலைவனாக இருந்த செவலை நாயை வடை தூக்கிப் போட்டது. செவலை எழுந்து நொண்டிக்கொண்டு வேலிக்கு ஓடியதும் மற்றவை கலைந்தன. பொங்கலின் காது கிழிந்து ரத்தம் சொட்டியது. ஆடுகளில் ஒரு பெட்டைக்குத் தொடையில் ஆழமான கடி. வேறு சேதமில்லை.

நான் ஆட்டின் தொடையைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். ரோஷன் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோடு ஆட்டோ ஒன்றைப் போன் செய்து அழைத்தாள். முன்பின் தெரியாத டிரைவர். வண்டியைச் சரியாகப் பட்டி வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். நாய்கள் இரண்டும் அவிழ்த்துவிட்டபடியே இருந்தன. நான் சொல்வதற்குள் ரோஷன் ஆட்டை அதன் பழைய கயிற்றில் நொண்ட நொண்ட நடத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். டிரைவர் ஆட்டின் பின்பக்கத்தைத் தூக்கி ஏற்றினார். ஆடு கத்தியது.

பொங்கல் கயிற்றை ஒரு முறை முகர்ந்தது. காதை உதறியது. போய்ப் படுத்துவிட்டது.

ஆட்டோ போன பிறகும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். வண்டி இருந்தது. வேற்று ஆள் இருந்தார். ஆடு கத்தியது. ஆடு போயே போய்விட்டது. நாய் அசையவில்லை. அப்படியானால் லாரி ஞாபகம் என்பதெல்லாம் நாமாக நாய்க்குச் சேர்த்துக் கட்டிய கதை. மாறியிருந்தவை இரண்டே இரண்டு. ஆட்டைப் பிடித்த கை, ஆட்டின் கழுத்துக் கயிறு. முஜிபுர் ரஹ்மான் முறுக்கி, ரோஷன் பிடித்து, ஆடுகளின் வியர்வை ஊறிய கயிறு. அந்த நாயைப் பொறுத்தவரை பட்டிக்குள் நுழைந்து, வீட்டுக் கயிற்றைக் கழற்றிவிட்டு வேறு கயிற்றைப் போட்டு இழுக்கிறவன் திருடன். இந்த வீட்டின் மரியாதைப்படி விற்றால், திருடுவதுபோலத்தான் அதற்குத் தெரியும்.

மறுநாள் காலையில் நான் போனபோது ரஞ்சனியின் வேன் வாசலில் நின்றது. கலீல் இருந்தார். மாலிக்கும் வந்துவிட்டார், மதகுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கலீல் பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, நம்ம கயித்தோடவே ஆட்டை வெளிய அனுப்பணும். அப்படித்தானே?"

"மதகு வரைக்கும்தான். ரோஷனே ஓட்டிக்கிட்டுப் போகட்டும். அங்க மாத்திக்கிட்டு, நம்ம கயிறைக் கொண்டு வந்துரட்டும்."

"ஆஸ்பத்திரிக்குப் போறது வேற, சிஸ்டர். அத்தா காலத்துலேர்ந்து கயிறு வித்த ஆட்டுக் கழுத்துல வாசலைத் தாண்டினதே கிடையாது. அண்ணன் சம்மதிக்கமாட்டாரு."

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தோம். முஜிபுர் ரஹ்மான் கருப்புக் கிடாவின் கயிற்றை மடியில் சுருட்டி இடது கையால் இறுகப் பிடித்திருந்தார். ரோஷன் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"என்னாங்க, கயிறை நான் விக்கல. கையோட கொண்டு வந்துருவேன். நீங்க பார்த்துக்கிட்டே இருங்க."

அவர் கலீலைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். தென்னையடியில் மறுபடி கட்டப்பட்டு, கிழிந்த காதோடு படுத்திருந்த பொங்கலைப் பார்த்தார். விரல்கள் தளரவில்லை. ரஞ்சனி வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. நோயாளி முடிவெடுக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என் தொழிலின் பாதி.

பிறகு அவர் கயிற்றை ரோஷனின் தோளில் போட்டார். "போ," என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த வார்த்தைகள் குறைவு. இது தெளிவாக இருந்தது.

நாய்களை அவிழ்த்துவிட்டோம். ரஞ்சனி வேண்டாம் என்றாள், நான்தான் சொன்னேன். கட்டிவைத்துச் சோதிப்பது சோதனை ஆகாது. ரோஷன் உள்ளே போய்க் கருப்புக் கிடாவுக்கு அதன் கயிற்றைப் போட்டாள். பொங்கல் எழுந்து வாசலுக்கு வந்தது. கலீலின் கை கடப்பாரையைத் தேடியது, நான் அதை முன்பே எடுத்து ஒளித்து வைத்திருந்தேன். ரோஷன் நடையை மாற்றவில்லை, பேச்சுக் கொடுக்கவில்லை. பொங்கல் கயிற்றை முகர்ந்தது. அவள் கையை முகர்ந்தது. விலகியது.

அவள் மதகைத் தாண்டி ஆவாரம் புதர் மறைவுக்குப் போனாள். பொங்கல் வாசலில் நின்று அந்தத் திசையையே பார்த்தது. கிடா கத்தும் சத்தம் வந்தது. பொங்கலின் ஒரு கால் முன்னால் வந்தது. ரஞ்சனி என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

ரோஷன் திரும்பி வந்தாள், ஆடில்லாமல், கயிறு மட்டும் தோளில். இதற்குத்தான் நான் பயந்தேன். பொங்கல் அவளை எதிர்கொண்டு வெறும் கயிற்றை முனையிலிருந்து முனை வரை முகர்ந்தது. ரோஷன் நின்றுகொண்டாள், கையைக் கீழே தொங்கவிட்டபடி. அவள் உதடுகள் மட்டும் ஓதிக்கொண்டிருந்தன. நாய் ரோட்டைப் பார்த்தது. பட்டியைப் பார்த்தது. பட்டிக்குள் மற்ற ஆடுகள் தழை தின்றுகொண்டிருந்தன. அது தன் இடத்துக்குப் போய், மூன்று சுற்றுச் சுற்றி, படுத்தது.

ரோஷன் கயிற்றைக் கணவர் மடியில் வைத்தாள். அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த ஆட்டைக் கையால் காட்டினார்.

உச்சி வெயிலுக்குள் விற்க வேண்டியவை எல்லாம் மதகைத் தாண்டிவிட்டன. ரோஷனுக்கு நடந்து நடந்து கால் வீங்கியது. ஒவ்வொரு தடவையும் கயிற்றோடு திரும்பி வந்தாள். ரஞ்சனி வேனை வெறுமனே ஓட்டிக்கொண்டு போனாள். போவதற்குமுன் பொங்கலின் காதுக்கு மருந்து போட முயன்றாள், அது எழுந்து போய்விட்டது. ரோஷன் போட்டாள். உட்கார்ந்திருந்தது.

கலீல் மாடி அறையை வாடகைக்கு விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ரோஷன் காவலுக்கு எடுத்துவந்த உலக்கை மறுபடி சமையலறைக்குப் போய்விட்டது.

பக்ரீத் முடிந்து ஒரு வாரம் கழித்து, பெருநாள் கறி கொடுக்காமல் விட்டுவிட்டோமே என்று மாலிக் கறி நிறைந்த ஒரு தூக்குவாளியோடு வந்தார். மதகிலேயே நின்று சத்தம் போட்டார்.

"தங்கச்சி, நான் உள்ளே வரலாமா?"

"வாங்க பாய். கையில கயிறு இருந்தா அங்கேயே வச்சிட்டு வாங்க."